ஆயிரம் கஜத்துக்கு அப்பால் வேட்டை இல்லை

அமெரிக்காவின் மேற்கு மலை மாநிலங்களில் எடுக்கப்பட்டு இணையத்தில் உலவும் வேட்டைக் காணொளிகளுக்கென்று மாறாத ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. பள்ளத்தாக்கின் ஒரு சரிவில் ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். துப்பாக்கியின் முன்பக்கத்தை இரட்டைக்கால் தாங்கி ஏந்தியிருக்கிறது. பின்கட்டைக்கு அடியில் சிறு மணற்பை. பக்கத்தில் இருப்பவர் லேசர் கருவியில் பார்த்துத் தூரத்தைச் சொல்கிறார். கையடக்கக் காற்றுமானியைப் பார்த்துக் காற்றைச் சொல்கிறார். படுத்திருப்பவர் தொலைநோக்கியின் குமிழைச் சொன்ன எண்ணுக்குத் திருகுகிறார். எதிர்ச் சரிவில் ஓர் எல்க் மேய்ந்துகொண்டிருக்கிறது. துப்பாக்கி வெடிக்கிறது. எதுவும் நிகழாத ஒரு கணம் கடக்கிறது. பின்னர் அந்த விலங்கு முன்னங்கால் மடிந்து சரிகிறது. இப்பக்கம் ஆரவாரம். அந்த ஆரவாரத்தினூடே திரும்பத் திரும்ப ஒலிப்பது விலங்கின் பெயரோ கொம்பின் அழகோ அல்ல, ஓர் எண்: 800 கஜம், 900 கஜம், 1000 கஜம்.

நாம் பேச விரும்புவது எதுவும் நிகழாத அந்த ஒரு கணத்தைப் பற்றி.

இதைப் பேச உங்களுக்கு என்ன தகுதி என்று கேட்கப்படும். நியாயமான கேள்விதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் வேட்டை என்பது ஏறக்குறைய குற்றப் பத்திரிகைச் சொல்லாகிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைக் காவலர் தோளில் மட்டுமே பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்பவர்கள். ஆகவே வேட்டையே பாவம் என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொல்வோரோடு நமக்கு வேறொரு சமயம் பேச்சு உண்டு. தான் கொன்ற எல்க்கின் கறியைக் குளிர்பெட்டியில் வைத்துக் குளிர்காலம் முழுக்கக் குடும்பத்தோடு உண்ணும் ஒரு மொன்டானாக்காரர், கூண்டில் வளர்ந்த கோழியைத் தோலுரித்து வாங்கிவரும் நம்மைவிட அறத்தில் தாழ்ந்தவர் என்றும் நாம் கருதவில்லை. நம் வழக்கு ஒரு சொல்லைக் குறித்தது. வேட்டை என்ற சொல்லுக்குள் இருந்ததையெல்லாம் வெளியே கொட்டிவிட்டு, காலிக் கூட்டை வைத்துக்கொண்டு, அதன் பழைய பெருமையை மட்டும் கோருகிறார்கள். தமிழாசிரியர்களுக்கு இது தொழில்முறை எரிச்சல் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தக் கணத்துக்கு வருவோம்.

இன்று நெடுந்தூரச் சுடுதலுக்குப் பயன்படும் துப்பாக்கிகளின் தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது விநாடிக்கு 800 முதல் 900 மீட்டர் வேகத்தில் செல்கிறது. காற்றின் தடையால் வேகம் குறைந்துகொண்டே போவதால், 1000 கஜத்தை, அதாவது சுமார் 914 மீட்டரை, அது கடக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது. ஒலி அங்கே போய்ச் சேர இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். எனவே விலங்கு வெடியோசையைக் கேட்பதற்கு முன்பே தோட்டாவை வாங்கியிருக்கும். வேட்டைக்காரர்கள் இதைக் கருணை என்கிறார்கள்: அதற்கு ஒன்றும் தெரியாமலே முடிந்துவிடுகிறதாம். அந்த ஒன்றரை விநாடியை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். விசை அழுத்தப்பட்டுவிட்டது, முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, ஆனால் விலங்கு இன்னும் சுதந்திரமாக இருக்கிறது. அடுத்த புல்லுக்கு அது ஓர் அடி வைக்கலாம். சாதாரணமாக நடக்கும் ஓர் எல்க் ஒன்றரை விநாடியில் சுமார் இரண்டு மீட்டர் நகர்ந்துவிடும். அதன் நுரையீரலும் இதயமும் அமைந்த பகுதியின் குறுக்களவோ ஒன்றேகால் அடிதான். நகர்ந்தால் தோட்டா நெஞ்சில் படாது. வயிற்றில் படும், தொடையில் படும். வயிற்றில் குண்டு வாங்கிய எல்க் உடனே விழுவதில்லை. அது மைல் கணக்கில் ஓடும், அடர்காட்டில் படுக்கும், பல மணி நேரம் கழித்து, சில சமயம் நாட்கள் கழித்துச் சாகும்.

இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பயிற்சி! நூறு கஜத்தில் கைநடுங்கிச் சுடும் சோம்பேறியைவிட, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான தோட்டாக்களைச் செலவழித்துப் பழகியவர் எண்ணூறு கஜத்தில் துல்லியமாகச் சுடுவார் என்கிறார்கள். இருக்கலாம். அந்தச் சோம்பேறிக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஆனால் பயிற்சி எதைக் கற்றுத்தருகிறது? கையை, மூச்சை, விரலை, கணக்கைக் கற்றுத்தருகிறது. சுடுபவரின் பக்கம் உள்ள அனைத்தையும் கற்றுத்தருகிறது. அடுத்த ஒன்றரை விநாடியில் அந்த விலங்கு என்ன செய்யப் போகிறது என்பதை உலகின் எந்தப் பயிற்சியும் கற்றுத்தராது. நூறு கஜத்தில் தோட்டா பறக்கும் நேரம் விநாடியில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. விலங்கு முடிவெடுக்க அங்கே இடமே இல்லை. ஆயிரம் கஜத்தில் இடம் இருக்கிறது. ஆகவே அந்தச் சூடு ஒரு பந்தயம். பந்தயம் கட்டுபவர் தன் பணத்தை வைக்கவில்லை, இன்னோர் உயிரின் குடலை வைத்து ஆடுகிறார்.

காற்று இன்னொன்று. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, ஆயிரம் கஜத்துக்குள் இவ்வகைத் தோட்டாவை ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளிவிடும். காற்றின் வேகத்தை மூன்று கிலோமீட்டர் தவறாகக் கணித்தால் போதும், ஓர் அடிக்கு மேல் விலகிவிடும். காற்றுமானி சொல்வது சுடுபவர் நிற்கும் இடத்துக் காற்றை. நடுவில் கிடக்கும் பள்ளத்தாக்கில், ஓடையின் மேல், எதிர்ச் சரிவின் மடிப்பில் காற்று வெவ்வேறு திசையில் வீசுகிறது. புல் அசைவதைப் பார்த்து ஊகிக்கிறோம் என்பார்கள். ஊகம் என்ற சொல்லை அவர்களே சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இத்தோடு நிறுத்திவிட்டால் நம் வாதம் வெறும் பொறியியல் வாதமாகிவிடும். நாளை தோட்டாவின் வேகத்தைக் கூட்டுவார்கள். வழி நெடுகக் காற்றை அளக்கும் கருவி வரும். அப்போது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்பார்கள். சம்மதமில்லை. ஏன் என்பதற்கு நம் வாசகர்களுக்குப் பழக்கமான ஒரு பழைய வழக்கை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

வாலி வதையைப் பற்றி நம் பட்டிமன்றங்கள் பேசி ஓய்ந்ததில்லை. மறைந்து நின்று எய்தது அறமா? வால்மீகியில் இராமன் சொல்லும் விடைகளுள் ஒன்று வேட்டையைப் பற்றியது என்பதை மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மனிதர் விலங்குகளை வலையிட்டும் கண்ணி வைத்தும் மறைந்து நின்றும் பிடிக்கிறார்கள், கொல்கிறார்கள், அதில் தோஷமில்லை, நீயோ குரங்கு. இதுதான் அந்த விடையின் சாரம். கம்பன் இந்த வாதத்தைக் கைக்கொள்ளவில்லை. வாலி தன்னை விலங்கென்று சொல்லி மனித அறத்திலிருந்து விலக்குக் கேட்கும்போது, நன்மை தீமை அறிந்தவன் விலங்காக மாட்டான் என்று இராமனைக் கொண்டு மறுக்கவைக்கிறான். மறைந்து எய்தது ஏன் என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பை இலக்குவனிடம் தந்துவிடுகிறான். கம்பன் வழக்கை ஏன் அப்படி மாற்றினான் என்பது தனிக் கட்டுரைக்குரியது. நமக்கு இங்கே வேண்டியது வால்மீகியின் வாதம். நெடுந்தூரச் சுடுதலை ஆதரிப்போர், அறிந்தோ அறியாமலோ, அதைத்தான் சொல்கிறார்கள்: வேட்டை என்றாலே மறைவுதானே? மரத்தின் பின்னால் மறைவதற்கும் பள்ளத்தாக்கின் அப்பால் மறைவதற்கும் என்ன வேறுபாடு?

வேறுபாடு உண்டு. மரத்தின் பின்னால் மறைந்திருப்பவன் விலங்கின் புலன்களுக்குள்தான் மறைந்திருக்கிறான். அவன் மேல் காற்று வீசினால் அவன் வாடை போய்ச் சேரும். அவன் காலடியில் ஒரு சுள்ளி முறிந்தால் காது திரும்பும். ராக்கி மலைகளில் எல்க்கை நெருங்குபவர் முதலில் கற்றுக்கொள்வது காற்றின் நாள்முறையை: விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழிறங்கும், வெயில் ஏறியதும் மேலேறத் தொடங்கும். அந்தத் திருப்பத்தில் தவறான பக்கம் நின்றவர் மந்தையின் பின்புறத்தைத்தான் பார்ப்பார். எல்க்கின் மூக்கு, காது, கண், மந்தையின் மூத்த பெட்டையின் சந்தேகம் என அத்தனையும் பரிணாமம் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகச் செதுக்கியவை. ஓநாய்க்கும் மலைச்சிங்கத்துக்கும் எதிராகச் செதுக்கப்பட்டவை. வில்லோடு வந்த மனிதனுக்கு எதிராகவும் அவை பயன்பட்டன. மறைந்து நெருங்குபவன் அந்தப் புலன்களோடு மல்லுக்கு நிற்கிறான், பெரும்பாலும் தோற்கிறான். ஆயிரம் கஜத்துக்கு அப்பால் படுத்திருப்பவன் மறைந்திருக்கவில்லை. அவன் அந்த விலங்கின் உலகத்திலேயே இல்லை. தன் உலகத்தில் இல்லாத ஒருவனிடமிருந்து அது எப்படித் தப்பும்?

ஆகவே நாம் கஜக் கணக்கில் கோடு கிழிக்கவில்லை. அந்த விலங்கு அறிந்திருக்க முடியுமா என்பதுதான் கோடு.

இது நம் கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்க வேட்டைக்காரர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் ஒரு பேரழிவைக் கண்ட பிறகு. 1870களில் பெருஞ்சமவெளிகளில் காட்டெருமைகளைக் கொன்ற தோல் வியாபாரத்தின் கையில் ஷார்ப்ஸ் என்ற கனத்த துப்பாக்கி இருந்தது. காற்றுக்கு எதிர்ப்புறம், இருநூறு முந்நூறு கஜம் தள்ளிக் கிடந்துகொண்டு முதலில் மந்தையை நடத்தும் பெட்டையைச் சுடுவார்கள். தொலைவில் கேட்கும் ஓசைக்கும் பக்கத்தில் விழும் உடலுக்கும் உள்ள தொடர்பு மற்ற எருமைகளுக்குப் புரிவதில்லை. அவை அங்கேயே சுற்றிச் சுற்றி நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாக விழும். கோடிக்கணக்கில் இருந்ததாகக் கணிக்கப்படும் விலங்கு 1880களின் முடிவில் ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கைக்கு வந்துவிட்டது. எருமையின் புலனுக்கு எட்டாத தூரத்திலிருந்து கொல்வது என்றால் என்ன என்பதை அந்த நாடு நம்மைவிட நன்றாக அறியும்.

இதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1873இல் நியூயார்க் நகரை ஒட்டிய கிரீட்மூர் என்ற இடத்தில் துப்பாக்கிப் போட்டி மைதானம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் அங்கே 800, 900, 1000 கஜத் தூரங்களில் மோதின. அமெரிக்க அணியினரில் சிலர் கையில் இருந்தது அதே ஷார்ப்ஸ். அந்தக் கலையில் நமக்கு மரியாதையே உண்டு. அது கடினமானது, நேர்மையானது, யாருக்கும் தீங்கில்லாதது. இன்று நெடுந்தூர வேட்டைக்காரர்களின் செல்லத் தோட்டா அந்த மைதானத்தின் பெயரைத்தான் சுமக்கிறது; 2007இல் போட்டிகளுக்காகவே உருவாக்கப்பட்ட தோட்டா அது. அதை மலைக்குத் தூக்கிக்கொண்டு போய், காகிதம் இருந்த இடத்தில் உயிரை நிறுத்தியதுதான் புதுமை.

எருமைகள் அழிந்த பின், 1887இல், தியடோர் ரூஸ்வெல்ட் முதலியோர் பூன் அண்ட் கிராக்கெட் கழகத்தை நிறுவினார்கள். ‘ஃபேர் சேஸ்’ என்ற கருத்தை, நேரிய துரத்தல் என்று சொல்லலாம், வேட்டையின் இலக்கணமாக வளர்த்தெடுத்தது அக்கழகம்: சட்டத்துக்கு உட்பட்டு, சுதந்திரமாகத் திரியும் காட்டு விலங்கை, அதன்மீது முறையற்ற சாதகம் எடுத்துக்கொள்ளாமல் தேடிப்போவது. இதே கழகம் நெடுந்தூரச் சுடுதலுக்கு எதிராகவும் நிலைப்பாடு எடுத்திருக்கிறது. ஆபத்தை உணரும் விலங்கின் இயல்பான ஆற்றலை அது செல்லாததாக்குகிறது என்பதே காரணம். 1902இல் மிசிசிப்பியில் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கரடியும் கிடைக்காமல் போனபோது, வழிகாட்டியான ஹோல்ட் காலியர் ஒன்றை அடித்து மரத்தில் கட்டிவைத்து அவரை அழைத்தார். கட்டிவைத்த கரடியைச் சுட ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். கிளிஃபர்ட் பெர்ரிமன் அதைக் கேலிச்சித்திரமாக வரைய, உலகெங்கும் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் கரடி பொம்மைக்கு டெடி என்ற பெயர் வந்தது. (அந்தக் கரடி பிழைக்கவில்லை, வேதனை தீரட்டும் என்று கத்தியால் முடித்துவிடச் சொன்னார் குடியரசுத் தலைவர். பொம்மை விற்போர் இதைச் சொல்வதில்லை.) கட்டிய கயிறு கண்ணுக்குத் தெரிந்ததால் அவர் மறுத்தார். தொலைநோக்கியின் குமிழும் ஒரு கயிறுதான், கண்ணுக்குத் தெரியாத கயிறு.

ஸ்பானியச் சிந்தனையாளர் ஒர்தேகா இ காஸெத் 1942இல் தன் நண்பர் ஒருவரின் வேட்டை நூலுக்கு எழுதிய நீண்ட முன்னுரையில் இதைத் தத்துவமாகவே வளர்த்தார். ஆயுதம் வளர வளர மனிதன் தன் மேன்மையைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டான். விலங்குக்கு ஒரு வாய்ப்பை விட்டுவைத்தான். இல்லையேல் வேட்டை வெறும் கொலையாக மாறி மறைந்துபோகும் என்பது அவர் கருத்து. அவருடைய நூலில் மிகைகள் உண்டு, பிரபுத்துவ வாடையும் உண்டு. ஆயினும் இந்த ஓர் இடத்தில் அவரை மறுப்பவரை நாம் இன்னும் பார்க்கவில்லை. நெடுந்தூர வேட்டைக்காரர்கள் அவரை மறுப்பதில்லை, மேற்கோள் காட்டிக்கொண்டே மீறுகிறார்கள்.

இந்தியாவில் இந்த மனசாட்சிக்கு நமக்குத் தெரிந்த முகம் ஜிம் கார்பெட். மோகன் என்ற ஊரின் ஆட்கொல்லிப் புலியை அவர் தூங்கிக்கொண்டிருந்த நிலையில் சுட்டார். மனிதரைத் தின்றுகொண்டிருந்த புலி. விட்டால் இன்னும் தின்னும். அப்படியிருந்தும் அதற்கு ஒரு வாய்ப்புத் தராமல் சுட்டது அவரை உறுத்தியது. அந்த உறுத்தலை எழுத்தில் மறைக்கவும் இல்லை. 1930இல் சௌகட் பெண்புலியை அவர் வீழ்த்தியது எட்டடி தூரத்தில், ஒரு கையில் பறவை முட்டைகளைப் பிடித்துக்கொண்டே. கார்பெட்டை இங்கே கொண்டுவருவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. 1907இல் அவர் கொன்ற சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகப் பதிவு. அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரிடம் வந்தது. யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் விசையை அழுத்தினார், புலி விழவில்லை. கணக்கை வேறு யாரோ 436 பேர் தீர்த்தார்கள். எல்க் அப்படிப் பழிதீர்ப்பதில்லை. அது ஓசையில்லாமல் சாகிறது. அதனால்தான் அதன் காயத்துக்குக் கணக்கும் இல்லை.

வில்லை வைத்துச் சிலர் நம்மை மடக்குவார்கள். 2015இல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கம் அம்பு பட்டுப் பல மணி நேரம் துடித்தபின் அல்லவா கொல்லப்பட்டது? அருகில் சென்றவன் மட்டும் சுத்தமாகக் கொல்கிறானா? இல்லை. அண்மை, கொலையைத் தானாகத் தூய்மையாக்கிவிடாது. நெருங்கியவன் கண்டபடி எய்தால் அது அவன் குற்றம். அவன் எய்யாமல் விட்டிருக்கலாம். நெடுந்தூரத்தவனின் முறையிலேயே குற்றம் பதிந்திருக்கிறது என்பதுதான் நம் வாதம்.

கொல்லுவதே நோக்கமென்றால் வேறு கதை. காலபகோஸ் தீவுகளில் ஆமைகளின் உணவை அழித்த ஆடுகளை ஒழிக்க 1997இல் தொடங்கி 2006 வரை நடந்த திட்டத்தில், ஹெலிகாப்டரிலிருந்து உட்பட, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைச் சுட்டார்கள். நாம் அதைக் கேள்வி கேட்கவில்லை. அங்கே எவ்வளவு விரைவாக, எவ்வளவு எளிதாகக் கொல்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் அதைச் செய்தவர்கள் ஆட்டின் தலையைப் பதப்படுத்திச் சுவரில் மாட்டவில்லை. இலாபத்தை அங்கிருந்தும் மரியாதையை இங்கிருந்தும் எடுத்துக்கொள்வதுதான் நமக்கு ஒவ்வாதது.

இந்தப் பாதை எங்கே போகும் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. 2013 வாக்கில் டெக்சாஸைச் சேர்ந்த ட்ராக்கிங்பாயிண்ட் நிறுவனம் கணினி பொருத்திய துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை இருபதாயிரம் டாலருக்கு மேல். ஒரு பொத்தானை அழுத்தி விலங்கின்மீது அடையாளமிட வேண்டும். பிறகு விசையை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். குறி பொருந்தும் கணத்தைக் கருவியே தேர்ந்து சுடும். நெடுந்தூர வேட்டைக்காரர்களில் பலரே இதைக் கண்டு முகம் சுளித்தார்கள். எதற்காகச் சுளித்தார்கள் என்று நமக்கு விளங்கவில்லை. தூரத்தைக் கருவி சொல்லலாம், தோட்டாவின் வீழ்ச்சியைக் கைப்பேசிச் செயலி கணக்கிடலாம், விரலை மட்டும் கருவி அசைக்கக் கூடாது என்றால் உங்கள் வேட்டையில் உங்கள் பங்கு ஒரு விரல்தானா? ஐடஹோ மாநிலத்தின் விதிகள் பெருவிலங்கு வேட்டையில் பதினாறு பவுண்டுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கியைத் தடைசெய்கின்றன. துப்பாக்கியைத் தராசில் வைக்கத் தெரிந்த சட்டங்கள் தூரத்தைத் தொடத் தயங்குகின்றன. நடைமுறைச் சிக்கல் நமக்கும் புரிகிறது. காட்டில் அளவு நாடாவோடு யார் நிற்பது? ஆல்டோ லியோபோல்ட் சொன்னதுபோல் வேட்டைக்காரனைப் பார்த்துக் கைதட்டவோ இகழவோ அங்கே கூட்டம் இல்லை. அவன் மனசாட்சிதான் நடுவர். அவர் காலத்தில் அது உண்மை. இப்போது படப்பிடிப்புக் கருவி இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது, அது கைதட்டுகிறது.

முயலை வீழ்த்திய அம்புக்கும் யானையைத் தவறவிட்ட வேலுக்கும் இடையே வள்ளுவர் எதைத் தேர்ந்தார் என்பதை இவ்வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அது போர்வீரனின் செருக்கைச் சொல்லும் அதிகாரம்தான், வேட்டையைப் பற்றியதல்ல. ஆனால் தவறவிடுவதற்கும் ஒரு கௌரவம் உண்டு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. காற்று திரும்பிவிட்டது, மந்தை கலைந்துவிட்டது, வெறுங்கையோடு இறங்கி வந்தேன் என்று சொல்லும் வேட்டைக்காரரிடம் அந்தக் கௌரவம் இருக்கிறது. எண்ணூறு கஜத்தில் தவறவிட்டவரிடம் என்ன இருக்கிறது? தவறியது என்பதையே அவர் எப்படி அறிகிறார்? தொலைநோக்கி வழியே பார்க்கிறார். விலங்கு துள்ளி மரங்களுக்குள் மறைகிறது. படவில்லை என்கிறார் பக்கத்திலிருப்பவர். பட்டதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல ஒரே வழி, கீழே இறங்கி, ஓடையைக் கடந்து, எதிர்ச் சரிவில் ஏறி, அது நின்ற இடத்தைக் கண்டுபிடித்து, இலைகளில் இரத்தம் இருக்கிறதா என்று மண்டியிட்டுத் தேடுவது. இங்கிருந்து தெளிவாகத் தெரிந்த அந்த ஒற்றை மரம் அங்கே போனதும் நூறு மரங்களில் ஒன்றாகிவிடும். மாலை நேரமாக இருந்தால் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும். படவில்லை என்று முடிவுசெய்த பிறகும் அப்படி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்று அவர்களிடம் கேட்கிறோம். காணொளிகளில் அந்தப் பகுதி வருவதில்லை.